எந்த ஊர் வியாழன்?

அந்த விமான நிலையத்தின் மூன்றாம் எண் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அது சட்டையில் குத்திய அட்டையில் மட்டும் குடியிருக்கிறது. மற்றபடி தீவுக்கே அவர் கிழமையம்மா. பெட்டி தூக்குகிறவருக்கும் கிழமையம்மா, மேலாளருக்கும் கிழமையம்மா. வீட்டில் சண்டை வந்தால் வீட்டுக்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். வந்த சண்டை அதோடு இரட்டிப்பாகும்.

வேலை என்ன என்று கேட்டால் ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஜன்னலுக்கு வருகிறவர்களுக்குத் தூரமும் நேரமும் சொல்வது. அந்தத் தீவிலிருந்து விமானம் போவது ஒரே ஒரு இடத்துக்குத்தான், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு தீவுக்கு. நடுவில் நாலாயிரத்து இருநூறு கிலோமீட்டர் தண்ணீர். கால் வைக்க ஒரு மேடு கிடையாது. போக ஐந்து மணி நாற்பது நிமிஷம், வர ஐந்து மணி நேரத்துக்கு ஐந்து நிமிஷம் குறைவு. திங்கள், புதன், சனி, காலை எட்டு மணிக்குப் புறப்பாடு. இதைச் சொல்ல ஒரு ஆள் எதற்கு, ஒரு பலகையில் எழுதி மாட்டினால் போதாதா என்று உங்களுக்குத் தோன்றும். பலகையும் இருக்கிறது, பெரிய எழுத்தில், விளக்குப் போட்டு. அதைப் படித்துவிட்டுத்தான் எல்லோரும் நேராக ஜன்னலுக்கு வருவார்கள்.

"ஒரே வழிதானேம்மா? போறப்ப மட்டும் ஏன் முக்கா மணி நேரம் கூட ஆகுது?"

"எதிர்காத்துல சைக்கிள் மிதிச்சிருக்கீங்களா?"

"மிதிச்சிருக்கேன்."

"அதேதாங்க. மேலயும் காத்து இருக்கில்ல."

தூரம் ஒரு தொல்லையே இல்லை. வில்லங்கமெல்லாம் கிழமையில்தான். இரண்டு தீவுக்கும் நடுவே, கடலில், ஒரு கோடு போகிறது. கண்ணுக்குத் தெரியாது, உலகப் படத்தில் மட்டும் தெரியும். கோட்டுக்கு இந்தப் பக்கம் திங்கள் என்றால் அந்தப் பக்கம் செவ்வாய். ஆகவே திங்கள் காலை எட்டு மணிக்கு ஏறுகிறவர், ஆறு மணி நேரம்கூடப் பறக்காமல், செவ்வாய்க்கிழமை மதியம் அங்கே இறங்குவார். படித்தவர், படிக்காதவர், பட்டம் வாங்கியவர் எல்லோருக்கும் இந்த இடத்தில் ஒரே மாதிரி வாய் பிளக்கும்.

"அப்ப திங்கக்கிழமை ராத்திரி எங்கம்மா போச்சு?"

"கடல்ல விழுந்துடுச்சு. திரும்பி வர்றப்ப எடுத்துக்கலாம்."

பேச்சு இப்படி இருந்தாலும் வேலையில் மயிரிழை பிசகாது. அவருடைய முதுகுக்குப் பின்னால் சுவரில் இரண்டு கடிகாரங்கள், ஒன்று இந்த ஊர் நேரம், ஒன்று அந்த ஊர் நேரம். ஒவ்வொன்றுக்கும் கீழே கிழமை எழுதிய பலகை. காலையில் வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் இரண்டு பலகையையும் மாற்றுவார். பிறகு யார் வந்து எந்தக் கிழமையைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே கேள்விதான். வியாழக்கிழமை வழக்கு இருக்கிறது என்பார் ஒருவர். "எந்த ஊர் வியாழன்? இங்கயா, அங்கயா?" வியாழக்கிழமை கல்யாணம் என்பார் இன்னொருவர். "எந்த ஊர் வியாழன்?" சிலருக்குக் கோபம்கூட வரும். வியாழன் என்றால் வியாழன்தானே, இதில் ஊர் எங்கே வந்தது என்று கத்துவார்கள். கிழமையம்மா அசைய மாட்டார். காகிதத்தில் கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று எழுதிக் காட்டுவார். கத்தியவர் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். கல்யாணத்துக்கு மறுநாள் போய் வாசலில் நிற்க இருந்தவர்கள் எத்தனை பேரை அந்தக் கேள்வி காப்பாற்றியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

விமான நிலையத்துக்குள் அது கேலியாகவும் ஆகிவிட்டது. பயணிகளின் பெட்டிகளை எடை போடும் இடத்தில் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் தராசண்ணன். அவருக்கு வாய் நீளம். கேன்டீனில் யாராவது "நாளைக்கு எனக்கு லீவு" என்றால் போதும், கண்ணை உருட்டிக்கொண்டு, கிழமையம்மா குரலிலேயே, "எந்த ஊர் நாளைக்கு?" என்று கேட்பார். சிரிப்பில் முதல் சிரிப்பு கிழமையம்மாவுடையதாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்டவர் அந்த விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஊழியர்களுக்குச் சலுகை உண்டு, அங்கே கூடப் பிறந்த அக்காவும் உண்டு. ஆனால் ஒரு வருஷம் பிள்ளைக்குப் பரீட்சை, ஒரு வருஷம் வீட்டுக்காரருக்கு முதுகுவலி, ஒரு வருஷம் வீட்டுக் கூரை ஒழுகல். தீவு எங்கே ஓடிப்போகிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இவர் அலையக்கூட இல்லை, வெண்ணெயைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அக்கா ஆறு வயது மூத்தவர். அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தார். அத்தான் போய்ச் சேர்ந்து நாலு வருஷம். பிள்ளைகள் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை தங்கையைப் பார்க்க வந்து பத்து நாள் தங்கிவிட்டு, கடையை நினைத்துப் புலம்பிக்கொண்டே திரும்பிப் போனவர். அதற்கப்புறம் எல்லாம் போன்தான்.

போனில் சகோதரிகளுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஆரம்பத்தில் கிழமை குழம்பிக் குழம்பி ஏகப்பட்ட சண்டை. பிறந்த நாளுக்கு நீ ஒரு நாள் பிந்திக் கூப்பிட்டாய், இல்லை, நான் சரியாகத்தான் கூப்பிட்டேன் என்று ஒரு மாசம் பேசாமல்கூட இருந்தார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். யார் கூப்பிடுகிறார்களோ, அவர்கள் ஊர்க் கிழமைதான் அந்தப் பேச்சு முடியும்வரை இருவருக்கும். அக்கா கூப்பிட்டால் அக்காவின் கிழமை, தங்கை கூப்பிட்டால் தங்கையின் கிழமை. அதன் பிறகு ஒரு சண்டையும் இல்லை. உலகத்துக்கெல்லாம் கேட்கும் கேள்வியைக் கிழமையம்மா அக்காவிடம் மட்டும் கேட்டதே இல்லை, கேட்க வேண்டியிருக்கவில்லை.

அக்காவுக்கு இதயத்தில் கோளாறு. ஒரு வால்வு சரியாக மூடவில்லை, திறந்து சரி செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி எட்டு மாசம் ஆகிறது. அக்கா இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். இரண்டு தடவையும் ஆபரேஷன் அன்று காலையில் ஓடிவிட்டார். முதல் தடவை, கடையில் இஸ்திரிப் பெட்டியை அணைத்தேனா இல்லையா என்று தெரியவில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவர்தான். இரண்டாம் தடவை காரணம்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் செருப்போடு பஸ் ஏறிவிட்டார். மூன்றாவதாக ஒரு நாள் குறித்து, இதையும் விட்டால் அடுத்த நாளுக்கு நீங்கள் இருப்பது நிச்சயமில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மாலை கிழமையம்மா துணி மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டார்.

"தனியா போகப் பயமா இருக்குடி. நீ வந்து என் எதிர்ல நில்லு. நீ நின்னா நான் உள்ள போறேன். இல்லன்னா மறுபடியும் ஓடிருவேன், எனக்கே தெரியும்."

"வரேன்க்கா. சத்தியமா வரேன். என்னைக்கு?"

அந்த நேரம் பார்த்து வெளியே மழை, லைன் கட். கிழமையம்மா பதறிப்போய்த் திரும்பக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் அக்கா விட்ட இடத்திலிருந்தே அழுதுகொண்டே தொடர்ந்தார்.

"வியாழக்கிழமை காலைல. முந்தின நாளே வந்துடு."

இங்கேதான் கதை. அக்காவைப் பொறுத்தவரை பேச்சைத் தொடங்கியது அவர், ஆகவே அது அக்காவின் வியாழன். தங்கையைப் பொறுத்தவரை கடைசியாகக் கூப்பிட்டது தான், ஆகவே அது தன்னுடைய வியாழன். இரண்டு பேரும் சட்டத்தை மீறவில்லை. கிழமையம்மா மனதுக்குள் கோடு போட்டார். என் வியாழன் என்றால் அங்கே வெள்ளி. புதன்கிழமை காலை விமானத்தில் ஏறினால் அங்கே வியாழன் மதியம் இறங்கலாம், முந்தின நாளே போய்விடலாம். கணக்கில் தப்பே இல்லை, தொடக்கத்தில்தான் தப்பு. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. புதன்கிழமைக்கு இடம் பதிவாகிவிட்டது.

திங்கள் காலை வழக்கம்போல வேலைக்கு வந்தார். டிக்கெட் பிரிவில் காட்டிக் கையெழுத்து வாங்குவதற்காகப் பாஸ்போர்ட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்தப் புண்ணியம் அப்போது அவருக்குத் தெரியாது. கூடத்தில் எட்டு மணி விமானத்துக்குக் கூட்டம். தராசண்ணன் கடைசிப் பெட்டியை எடை போட்டு அனுப்பிவிட்டு ஜன்னலுக்கு வந்தார்.

"லீவு கேட்டிருக்கீங்களாமே கிழமையம்மா? அதிசயமா இருக்கு."

"புதன்கிழமை போறேன் அண்ணே. வியாழக்கிழமை எங்க அக்காவுக்கு ஆபரேஷன்."

தராசண்ணனுக்கு அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் பதினைந்து வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. கண்ணை உருட்டினார்.

"எந்த ஊர் வியாழன்?"

கிழமையம்மா சிரித்தார். பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. இங்கத்த வியாழன் என்று சொல்ல வந்தவருக்கு, டாக்டர் எந்த ஊரில் இருக்கிறார் என்ற ஞாபகம் வந்தது. மழை ஞாபகம் வந்தது. லைன் கட் ஆனது ஞாபகம் வந்தது.

மேலாளர் அறைக்கு ஓடி, ஆபீஸ் போனை எடுத்தார். அங்கே விடிகிற நேரம். நாலாவது தடவை மணி அடித்தபோது அக்கா எடுத்தார்.

"அக்கா, வியாழக்கிழமைன்னியே, அது யாரு வியாழன்?"

"இதென்னடி கேள்வி? இங்கத்த வியாழன்தான். உன் வியாழனைப் பாத்தா டாக்டர் கத்தி எடுப்பாரு? நீ என்னைக்கு வர்ற?"

கிழமையம்மா திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணி எட்டு நிமிஷம். புதன்கிழமை போனால் அவர் இறங்கும்போது ஆபரேஷன் தொடங்கி இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். தொடங்கியா இருக்கும்? எதிரில் தங்கை இல்லை என்றதும் அக்கா பஸ் ஏறியிருப்பார். டாக்டர் சொன்ன அடுத்த நாள் வரவே வராது.

"இன்னைக்கே வரேன்க்கா," என்று சொல்லிப் போனை வைத்தார். சொல்லிவிட்டாரே தவிர, விமானம் நிரம்பி வழிந்தது. மேலாளர் பட்டியலை இரண்டு தடவை பார்த்தார். ஒரு இடம் இல்லை.

"ஒரே வழிதான் இருக்கு. மைக்ல கேளுங்க. யாராவது விட்டுக் குடுத்தா உண்டு," என்றார் மேலாளர்.

மைக் இருப்பது மூன்றாம் எண் ஜன்னலில். அதில் பேசுகிறவர் இருபத்தாறு வருஷமாக ஒருவர்தான். கிழமையம்மா தன் நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, விசையை அழுத்தினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இன்று காலை எட்டு மணி விமானத்தில் செல்லவிருக்கும் பயணிகளில் எவரேனும் ஒருவர், அவசர மருத்துவக் காரணத்தை முன்னிட்டுத் தமது இருக்கையை விட்டுக்கொடுத்து, புதன்கிழமை விமானத்தில் செல்ல முன்வந்தால்..."

அதற்கு மேல் அறிவிப்புத் தமிழ் ஓடவில்லை.

"அது நான்தாங்க. எங்க அக்காவுக்காகத்தாங்க. நான் கிழமையைத் தப்பா எடுத்துட்டேன்."

நூற்று முப்பது பேரும் நூற்று முப்பது திசையில் பார்த்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவரவருக்கு அவரவர் அவசரம். கிழமையம்மா கண்ணாடிக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் கீச் கீச் என்று ஒரு சத்தம் வந்தது. உயரமான, தலை வழுக்கையான ஒரு மனிதர், நன்றாகத் தேய்த்த சட்டையும் பளபளக்கும் புது ஷூவுமாக ஜன்னலை நோக்கி வந்தார். ஒவ்வொரு அடிக்கும் ஷூ கீச்சிட்டது. அவருக்குப் பின்னால் அவர் மனைவி.

"என் சீட்டை எடுத்துக்குங்கம்மா."

"ஐயா, உங்களுக்கு ஏதாவது முக்கியமான..."

"முக்கியமாவது ஒண்ணாவது. எனக்கு விமானம்னாலே வயித்தைக் கலக்கும். காலைலேர்ந்து யாராவது வந்து காப்பாத்த மாட்டாங்களான்னு பாத்துட்டு இருந்தேன். நீங்கதான் காப்பாத்தினீங்க. இவ முன்னால போகட்டும், நான் பொறுமையா புதன்கிழமை வரேன்."

மனைவி கணவரை ஒரு பார்வை பார்த்தார். என்னவோ சொல்ல வந்து, கிழமையம்மாவின் முகத்தைப் பார்த்து, சொல்லாமல் விட்டார்.

அதன் பிறகு எல்லாம் ஓட்டம்தான். தராசண்ணன், கையில் ஒரு பெட்டியும் இல்லாமல் வந்து நின்றவரைப் பார்த்து, "உங்களுக்கு என்னத்தை எடை போடுறது, போங்க போங்க," என்று கலங்கிய கண்ணோடு விரட்டினார். வீட்டுக்காரருக்கு மேலாளர் போன் செய்தார். போட்டிருந்த சீருடையோடு, பெயர் அட்டையோடு, ஒரு மாற்றுத் துணி இல்லாமல் கிழமையம்மா முதல் தடவையாக விமானம் ஏறினார்.

பக்கத்து இருக்கையில் அந்த மனைவி. முதல் ஒரு மணி நேரம் கிழமையம்மா நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். "நல்ல வேளை, அவருக்கும் பயமா இருந்துச்சு. இல்லன்னா எனக்கு மனசு உறுத்தியிருக்கும்," என்றார். அதற்கு அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அவருக்கா பயம்? பதினாலு வருஷமா இதுல போயிட்டு வர்றவரு. உக்காந்ததும் குறட்டை விடுவாரு."

கிழமையம்மாவுக்கு அவரைத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. தெரிந்தவர்கள் ஜன்னலுக்கு வருவதில்லையே.

"அப்புறம் ஏங்க அப்படிச் சொன்னாரு?"

"எங்க பொண்ணு அங்க நர்சு படிப்பு முடிச்சிருக்கா. புதன்கிழமை காலைல பட்டம் குடுக்கறாங்க. அந்தப் புது ஷூ எதுக்குன்னு நினைச்சீங்க?"

"எந்த ஊர் புதன்?" கேட்கக் கூடாது என்று நினைப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது.

"அந்த ஊர் புதன்தாங்க."

கோடு போட வேண்டியிருக்கவில்லை. புதன்கிழமை ஏறுகிறவர் வியாழன் மதியம் இறங்குவார். இருபத்தாறு வருஷமாக யார் யாருக்கோ சொன்ன கணக்கு. அது இப்படி நெஞ்சில் குத்தும் என்று கிழமையம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. இருக்கைப் பட்டையை அவிழ்க்கப் போனார்.

"விமானத்தைத் திருப்பச் சொல்லணும்ங்க. இதை நான் எடுத்துக்க முடியாது."

"நடுக்கடல்ல இறங்கி நடக்கப் போறீங்களா? உக்காருங்க." அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இவரோட அம்மா தவறினப்ப இவரு ஒரு நாள் பிந்திப் போய்ச் சேர்ந்தாரு. இதே கிழமைக் குழப்பந்தான். அன்னைக்கு யாரும் இவர்கிட்ட எந்த ஊர் கிழமைன்னு கேக்கலை. இன்னைக்கு நீங்க மைக்ல சொன்னதும் எந்திரிச்சிட்டாரு. எங்கிட்டகூடக் கேக்கலை. வீட்டுக்கு வரட்டும், அதுக்குத் தனியா இருக்கு."

சொல்லும்போது அந்த அம்மாளின் குரலில் கோபத்தைவிடப் பெருமைதான் கூடுதலாக இருந்தது. கிழமையம்மா அழுதார். சன்னமாக அல்ல, நன்றாகவே அழுதார். கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று விமானி அறிவித்தபோது மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததால், இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்த அந்த இடத்தைப் பார்க்கவும் தவறினார். பார்த்திருந்தாலும் தண்ணீர்தான்.

செவ்வாய் மதியம் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தபோது அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு பை தயாராகக் கட்டி வைத்திருந்தது. ஓட்டத்துக்கான ஏற்பாடு. தங்கையைப் பார்த்ததும் பையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"வெறுங்கையோட வந்திருக்கியே, யாராவது துரத்தினாங்களா?"

கட்டிப் பிடித்து அழுது முடித்த பிறகு கிழமையம்மா எல்லாவற்றையும் சொன்னார். லைன் கட் ஆனது, தராசண்ணன் கேலி, மைக், புது ஷூ, பட்டம், பொய். கேட்டு முடித்த அக்கா தலையணையை நிமிர்த்திச் சாய்ந்துகொண்டார்.

"நாளைக்குக் காலைல நீ அங்க போ," என்றார்.

"எங்கக்கா?"

"அந்தப் பொண்ணு பட்டம் வாங்குற இடத்துக்கு. அப்பா கை தட்ட வேண்டிய இடத்துல நீ போய்த் தட்டிட்டு வா. போகலைன்னா வியாழக்கிழமை நான் உள்ள போமாட்டேன்."

மற்றவர்கள் சொன்னால் அது பேச்சு. இரண்டு தடவை ஓடியவர் சொன்னால் அது மிரட்டல். புதன்கிழமை காலை கிழமையம்மா, அக்காவின் தொளதொள உடுப்பைப் பின்னூசி போட்டு இறுக்கிக்கொண்டு, அந்த அம்மாளுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வெள்ளைச் சீருடையில் ஒல்லியாக ஒரு பெண் மேடைக்கு வந்ததும் தட்ட ஆரம்பித்தார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் நிறுத்தவில்லை. அடுத்த பெண் வந்து வாங்கிக்கொண்டு போகிறாள், இவர் இன்னும் முந்தின பெண்ணுக்கே தட்டிக்கொண்டிருக்கிறார். மேடையிலிருந்து அந்தப் பெண் இறங்கும்போது, அப்பா இருக்க வேண்டிய நாற்காலியில் யாரோ ஒரு அம்மாள் அழுதுகொண்டே தட்டுவதைப் பார்த்துத் தடுமாறிவிட்டாள். இரண்டு உள்ளங்கையும் சிவந்து வீங்கிப் போயின.

வியாழன் காலை. தள்ளுகட்டிலோடு வந்தார்கள். அக்கா ஒரு தடவை கதவைப் பார்த்தார், ஒரு தடவை கட்டிலுக்கு அடியில் இருந்த பையைப் பார்த்தார். கிழமையம்மா கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றார்.

"இஸ்திரிப் பெட்டி..." என்று அக்கா ஆரம்பித்தார்.

"நேத்து சாயங்காலம் நானே போய்ப் பாத்துட்டேன். அணைச்சுத்தான் இருக்கு."

அக்கா சிரித்துவிட்டார். சிரித்தபடியே உள்ளே போனார். ஆபரேஷன் அறைக் கதவு மூடும்வரை தங்கை எதிரிலேயே நின்றார்.

பிறகு நீளமான நடைபாதையில் ஒரு பெஞ்சு, சுவரில் ஒரு கடிகாரம். தூரத்தையும் நேரத்தையும் சொல்லியே வாழ்ந்தவருக்கு அந்த அறைக்கும் தனக்கும் இடையே இருந்த பத்தடித் தூரம் எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை. பத்து மணி ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நடைபாதையின் கோடியில் ஒரு சத்தம் கேட்டது. கீச், கீச், கீச்.

கையில் பெட்டியோடு விமான நிலையத்திலிருந்து நேராக வந்திருந்தார் அவர். கிழமையம்மா எழுந்து நின்றார்.

"நல்லா தட்டினீங்களா?" என்று அவர் கேட்டார்.

கிழமையம்மா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அவர் குனிந்து பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பொண்ணைப் போய் முதல்ல பாக்கலையாங்க?"

"பொண்ணு எங்கயும் போயிட மாட்டா. ஓடறது உங்க அக்காதானாமே. வீட்ல போன்ல சொன்னா."

"ஐயா, இந்தக் கடனை நான் எந்த ஜென்மத்துல தீர்ப்பேன்?"

"ஜன்னல்ல உக்காந்து எல்லாரையும் கேட்டுக்கிட்டே இருங்கம்மா. எங்க அம்மா விஷயத்துல ஒருத்தர் கேட்டிருந்தா எனக்குப் போதுமா இருந்திருக்கும்."

இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி நேரத்தில் டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார். வால்வு சரியாகிவிட்டது, இதயம் நன்றாக அடிக்கிறது என்றார். கிழமையம்மா டாக்டரைக் கும்பிட்டார், கதவைக் கும்பிட்டார், பக்கத்தில் இருந்த புது ஷூவையும் கும்பிடக் குனிந்தார். அவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டபோது அது இன்னொரு தடவை கீச்சிட்டது.

சாயங்காலம் அக்காவின் இமை அசைந்தது. உதடு உலர்ந்திருந்தது. கிழமையம்மா பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஒற்றினார். அக்கா கண்ணைத் திறந்து, கூரையைப் பார்த்து, தங்கையைப் பார்த்தார்.

"என்ன கிழமைடி?"

"வியாழன்க்கா."

அந்த நிலையிலும் அக்காவின் வாய் ஓரத்தில் ஒரு குறும்பு வந்தது. குரல் காற்றாகத்தான் வந்தது.

"எந்த ஊர் வியாழன்?"

கிழமையம்மா வீங்கிய கையால் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம வியாழன்க்கா," என்றார்.